காயமும் கணக்கும்
மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டங்களில், 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ நிலைநிறுத்திய ‘ஹிட் பாயிண்ட்’, அதாவது அடிபடுந்தோறும் குறைந்துவரும் உயிர்ப்புள்ளி, கணக்கிட எளிதெனினும், கடைசிப் புள்ளி மிஞ்சும்வரை வீரனின் கை தளர்வதே இல்லை என்ற குறையை உடையது. அக்குறையைத் தீர்க்க முனைந்த ‘ரோல்மாஸ்டர்’, ஒவ்வோர் ஆயுதத்துக்கும் 20 வகைக் கவசங்களுக்கு எதிரான தனி அட்டவணையையும், எலும்பு முறிவு, குருதிப்போக்கு எனக் காயத்தை வருணிக்கும் வேறு அட்டவணைகளையும் வகுத்தது; அவ்வருணனைகள் சுவையானவை என்பதில் ஐயமில்லை, ஆயினும் ஒரு வாள்வீச்சின் விளைவை அறியப் பக்கம் புரட்ட வேண்டியிருப்பதால் சண்டையின் விறுவிறுப்பு அங்கேயே வடிந்துவிடுகிறது. கிறிஸ் மெக்டவலின் ‘இன்டு தி ஆட்’ காட்டும் வழியே மேலானது. அடி பட்டதா என்று பார்க்கும் பகடையே அதில் இல்லை. சேதத்தை நேரே உருட்டிக் கவச மதிப்பைக் கழித்தபின், அடியை முதலில் தாங்கும் காப்புப்புள்ளிகளைத் தாண்டி எஞ்சுவது உடல்வலிமையையே குறைக்கிறது. கவசமின்றி, வலிமை 10, காப்பு 3 உடையவன்மீது 6 சேதம் விழுந்தால் வலிமை 7 ஆகிவிடுகிறது. 20 முகப் பகடையில் 7க்கு மேல் விழுந்தால் அவன் அப்போதே சாய்கிறான், தப்பினாலோ தொடர்ந்து போரிடுவதா ஓடுவதா என்ற கேள்வி அடுத்த அடிக்கு முன்பே அவனை நெருக்குகிறது.