லான்சருக்கு ஜப்பான்ல பத்து எவோ, நம்ம ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டாவது வெர்ஷன் கூட ஏன் இல்ல?

கார் பைத்தியம் இருக்கற யார்கிட்டயாவது "மிட்சுபிஷி லான்சர்"னு சொல்லிப் பாருங்க. அடுத்த வார்த்தை "எவோ"வாத்தான் இருக்கும். யூட்யூப், கேம்ஸ், லேப்டாப் வால்பேப்பர்னு எல்லாத்துலயும் அந்தப் பெரிய ஸ்பாய்லர்தான். அதே பேரை ஒரு பழைய டிராவல்ஸ் டிரைவர் அண்ணாகிட்ட சொன்னா, அவருக்கு ஞாபகம் வர்றது வேற கார். டீசல் இன்ஜின், நல்ல சீட், அலுங்காம போற செடான்.

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே குடும்பத்துக் கார்தான். ஒண்ணு ஜப்பான்ல வளர்ந்தது, இன்னொண்ணு திருவள்ளூர்ல தயாரானது. நம்ம திருவண்ணாமலையில காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள போய்ச் சேர்ற திருவள்ளூர்தான். அங்க 24 வருஷத்துல பத்து எவோ வந்துச்சு. இங்க வந்த கார் வந்த மாதிரியே இருந்துச்சு. இந்த வித்தியாசம் ஏன்னு யோசிச்சா, அது கார்ல ஆரம்பிச்சு நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல வந்து நிக்குது. அதைத்தான் எழுதப்போறேன்.

முதல்ல ஜப்பான் கதை. லான்சர் 1973-ல வந்த ஒரு சாதாரண சின்னக் கார். மறு வருஷமே ஆப்பிரிக்காவோட சஃபாரி ராலியில ஜெயிச்சுது. ஓட்டினவர் ஜோகிந்தர் சிங், கென்யாவுல வாழ்ந்த பஞ்சாபி. 1976-ல அவரே மறுபடியும் லான்சர்ல ஜெயிச்சார். அந்த வருஷம் முதல் மூணு இடமும் லான்சருக்குத்தான். ஆனா எவோ பொறக்க இன்னும் 16 வருஷம் ஆச்சு.

1992 அக்டோபர்ல எவோ 1 வந்துச்சு. அதுல இருந்த முக்கியமான எதுவும் புதுசு இல்லங்கறதுதான் சுவாரஸ்யம். கலாண்ட் விஆர்-4ங்கற பெரிய கார்ல ஏற்கெனவே இருந்த 2 லிட்டர் 4ஜி63 டர்போ இன்ஜினையும் ஃபோர் வீல் டிரைவையும் எடுத்து, லான்சரோட சின்ன உடம்புக்குள்ள வச்சாங்க. சுமார் 250 குதிரைத்திறன், எடை சுமார் 1240 கிலோ. இதைச் செய்ய ஒரு காரணம் இருந்துச்சு. அப்போ ராலியோட குரூப் ஏ விதிப்படி, போட்டியில ஓட்டற காரை 2500 எண்ணிக்கையாவது தயாரிச்சு ஜனங்களுக்கு விக்கணும். இதுக்குப் பேர் ஹோமோலகேஷன். அதாவது ஜெயிக்கணும்னா, செஞ்ச திருத்தத்தை ஷோரூமுக்கும் கொண்டுவந்தே ஆகணும்.

அடுத்தடுத்து வந்ததைப் பாருங்க. 1994-ல எவோ 2: வீல்பேஸ் 10 மில்லிமீட்டர் நீளம், டயர் 10 மில்லிமீட்டர் அகலம், சுமார் 260 குதிரைத்திறன். நம்ம ஸ்கேல்ல ஒரு சென்டிமீட்டர்! அதுக்கு ஒரு புது நம்பர். 1995-ல எவோ 3: இன்ஜினுக்கு நல்லா காத்து போகற மாதிரி முன்பக்கத்தை மாத்தினாங்க. 1996-ல எவோ 4: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வச்சு, எடையைச் சமப்படுத்தினாங்க. வளைவுல பின் சக்கரம் ரெண்டுக்கும் விசையைப் பிரிச்சுக் குடுக்கற ஆக்டிவ் யா கன்ட்ரோலும் வந்துச்சு. 1998-ல எவோ 5: சக்கரங்களுக்கு நடுவுல இடைவெளி கூடுச்சு, பிரெம்போ பிரேக் வந்துச்சு. 1999-ல எவோ 6: மறுபடியும் கூலிங் வேலை. இந்தக் கார்கள்லதான் டாமி மாக்கினென் 1996-லிருந்து 1999 வரைக்கும் தொடர்ந்து நாலு முறை உலக ராலி சாம்பியன் ஆனார்.

எவோ 1-லிருந்து எவோ 9 வரைக்கும் இன்ஜின் அதே 4ஜி63 குடும்பம்தான். யாரும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கல. போன வருஷம் எது சூடாச்சு, எது உடைஞ்சுது, எது வழுக்குச்சுன்னு பார்த்து, அதை மட்டும் சரி பண்ணாங்க. அடுத்த வருஷம் அடுத்த தப்பு. பத்து எவோவும் ஒரு மேதை ஒரே ராத்திரியில கண்ட கனவு இல்ல. தேதி போட்ட திருத்தப் பட்டியல், அவ்ளோதான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். மாக்கினென் மூணாவது பட்டம் ஜெயிச்ச, மிட்சுபிஷி தயாரிப்பாளர் பட்டமும் ஜெயிச்ச அதே 1998-லதான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில லான்சரைத் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. எவோ 4, 5, 6 எந்தத் தலைமுறை லான்சர் மேல கட்டினதோ, அதே தலைமுறை. இங்க வந்தது 1.5 லிட்டர் பெட்ரோல், 87 குதிரைத்திறன். இல்லேன்னா 2 லிட்டர் டீசல். நல்ல கார்தான், அந்தக் காலத்துல அதை வச்சிருந்தா ஒரு மரியாதை. ஆனா பத்து வருஷத்துக்கும் மேல, பெரிய மாற்றம் எதுவும் இல்லாம அதே உருவத்துல வித்தாங்க. ஜப்பான்ல 2000-ல வந்த செடியா இங்க 2006-லதான் வந்துச்சு. எவோ 7, 8, 9-க்கு அடித்தளமே அந்த செடியாதான். அது நம்ம கைக்கு வர்றப்போ எவோ 9-ஏ வந்து முடிஞ்சிருந்துச்சு. 2010-ல எவோ 10 இந்தியாவுக்கு வந்துச்சு, ஆனா முழுசா இறக்குமதி பண்ண காரா. திருவள்ளூர் லைன்ல லான்சரைப் பூட்டின கைகளுக்கு ஒரு எவோவைப் பூட்டற வாய்ப்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. இன்னைக்கு அதே ஆலையில சிட்ரோன் கார் தயாராகுது.

இதுல அங்க வேலை பார்த்தவங்களைக் குறை சொல்ல எதுவும் இல்ல. வரைபடம் வேற ஒருத்தரோடது, உரிமம் வேற ஒருத்தரோடது. காரைத் திறந்து "இங்க 10 மில்லிமீட்டர் கூட்டலாமா?"ன்னு கேக்கறது அவங்க வேலையாவே வைக்கப்படல. சந்தையும் கேக்கல, கம்பெனியும் கேக்கல. 1950-களோட கடைசியில ஆரம்பிச்ச அம்பாசடரை 2014 வரைக்கும் ஓட்டின கம்பெனி அதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

"அதெல்லாம் ஜப்பான்காரன் ஒழுக்கம் பாஸ், நமக்கு செட் ஆகாது"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். நான் ஒத்துக்க மாட்டேன். ஓசூரைப் பாருங்க. 1984-ல இண்ட்-சுசுகின்னு ஜப்பான் பைக்கோடதான் ஆரம்பிச்சாங்க. 2001-ல சுசுகி பிரிஞ்சு போச்சு. அதே வருஷம் டிவிஎஸ் சொந்தமா டிசைன் பண்ண விக்டரை விட்டாங்க. 2006-ல அப்பாச்சி. அப்புறம் அதுக்கு எத்தனை வெர்ஷன் வந்துச்சுன்னு நம்ம பார்க்கிங்ல நிக்கற வண்டிகளை எண்ணினாலே தெரியும். இவங்களும் ரேஸ்ல ஓட்டி, கத்துக்கிட்டதை ரோட்டு வண்டிக்குக் கொண்டுவர்ற ஆளுங்கதான்.

இன்னும் பக்கத்துல வேணுமா? தீபத் திருவிழா ஏழாம் நாள் நம்ம மாட வீதிக்குப் போங்க. பெரிய தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் முட்டுக்கட்டை போடறவங்க கையிலதான் இருக்கு. "முட்டுக்கட்டை"ன்னா இன்னைக்குத் தடங்கல்னு அர்த்தம், ஆனா தேருக்கு அதுதான் ஸ்டீயரிங், அதுதான் பிரேக். தமிழ்நாட்டுல பல கோயில் தேருக்கு இப்போ இரும்புச் சக்கரம். திருவாரூர் ஆழித் தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு குடுத்துச்சு. தேர் அதே தேர்தான், ஆபத்தான இடத்தை மட்டும் மாத்தினாங்க. பழைய மரம் இத்துப்போனா அந்தத் துண்டை மட்டும் எடுத்துட்டு புதுசு வைப்பாங்க, ஓடுதான்னு பார்க்க வெள்ளோட்டம் விடுவாங்க. நம்ம ஊர்ல வெர்ஷன் கன்ட்ரோல் ரொம்ப நாளாவே இருக்கு.

இல்லாம இருக்கறது நம்ம டிபார்ட்மென்ட்லதான்.

ஒர்க்‌ஷாப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடின மூணு கோ-கார்ட் ஃப்ரேம் இருக்கு. மூணு பேட்ச் பண்ணது. நேரம் இருந்தா தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க. மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விரிசல்: பின் ஆக்ஸில் பேரிங்கைப் பிடிக்கற பிராக்கெட், வெல்டிங் ஓரத்துல. முதல் பேட்ச்சுக்கு அது தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது பேட்ச்சுக்கு யாரும் சொல்லல. மூணாவது பேட்ச் கேக்கல. ரிப்போர்ட்ல "எதிர்கால மேம்பாடு"ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல சோலார் பேனல் வைக்கலாம்னு எழுதியிருப்பாங்க. பிராக்கெட் உடைஞ்சது எந்தப் பக்கத்துலயும் இருக்காது. மூணு வருஷக் காசு, மூணு வருஷ உழைப்பு, மிச்சம் மூணு எவோ 1.

காரணம் நமக்கு எல்லாருக்கும் தெரியும். ஜீரோத் ரிவ்யூலயே "இதுல புதுசா என்ன இருக்கு?"ன்னு கேள்வி வரும். சீனியர் ப்ராஜெக்ட்டைத் தொடரறேன்னு சொன்னா காப்பின்னு பார்ப்பாங்க. அதனால பழைய ஃப்ரேமை ஓரம் கட்டிட்டு, தலைப்புல ஐஓடி, ஏஐன்னு ஒரு வார்த்தை சேர்த்து, முதல்லேருந்து பைப் வெட்ட ஆரம்பிப்போம். சில பேர் வெளியில காசு குடுத்து ரெடிமேடா வாங்கிட்டு வருவாங்க. உரிமம் வாங்கிப் பூட்டறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

காப்பிங்கற பயம் நியாயமானதுதான். சீனியர் ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்திக் குடுக்கற ஆளும் இருக்கான். ஆனா அவனைப் பிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. "போன வெர்ஷன்ல என்ன தப்பு? நீ எதைச் சரி பண்ணே? எப்படி அளந்தே?" இந்த மூணு கேள்விக்குக் காப்பியடிச்சவன் பதில் சொல்லவே முடியாது. நிஜமா வேலை செஞ்சவன் பத்து மில்லிமீட்டருக்குப் பத்து நிமிஷம் பேசுவான். கோர் கம்பெனி இன்டர்வியூல கேக்கறதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

திருத்தம் நின்னுபோனா என்ன ஆகும்னும் எவோவே காட்டுது. 2001 கடைசியில மிட்சுபிஷி குரூப் ஏ-வை விட்டு வேற ராலி விதிக்கு மாறினாங்க. ஷோரூம் காரைத் திருத்திக்கிட்டே இருக்கணுங்கற கட்டாயம் போச்சு. வருஷத்துக்கு ஒண்ணுன்னு வந்தது ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணாச்சு. 2007-ல வந்த எவோ 10 எடை 1500 கிலோவைத் தாண்டுச்சு. அதுக்கப்புறம் எவோ 11 வரவே இல்ல, 2016-ல கதை முடிஞ்சுது. நல்ல இன்ஜினியருங்க அப்பவும் அங்க இருந்திருப்பாங்க. ஆனா திருத்தச் சொல்லி விரட்டற விதி இல்ல.

அதனால நான் கேக்கறது அந்த விதியைத்தான். ஒண்ணு: வருஷத்துக்கு டிபார்ட்மென்ட்ல பாதி ப்ராஜெக்ட்டாவது பழைய ப்ராஜெக்ட்டோட அடுத்த வெர்ஷனா இருக்கட்டும். ரெண்டு: ரிப்போர்ட்டோட கடைசியில "உடைஞ்சது, சூடானது, வேலை செய்யாதது"ன்னு ரெண்டு பக்கம் கட்டாயம் வேணும், அதுக்கு மார்க்கும் வேணும். மூணு: வைவாவுல "புதுசா என்ன?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "சரி பண்ணது என்ன?"ன்னு கேக்கட்டும். இதுக்கு ஃபண்ட் வேண்டாம், புது லேப் வேண்டாம். நம்ம ஹெச்ஓடி சார் ஒரு சர்க்குலர் போட்டா போதும்.

சர்க்குலர் வர்ற வரைக்கும் தேர்ட் இயர் தம்பி, தங்கச்சிங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் புது பைப் வாங்கறதுக்கு முன்னாடி, அந்த மூணு ஃப்ரேம்ல நல்லதா ஒண்ணை எடுங்க. பிராக்கெட்டைக் கழட்டுங்க, தடிமனை அளங்க, ஏன் விரிசல் விட்டுதுன்னு கண்டுபிடிங்க, மாத்துங்க. சேசிஸ் மேல பெயின்ட்ல "2"ன்னு எழுதுங்க. உங்க ஜூனியர் அதை அழிச்சுட்டு "3"ன்னு எழுதட்டும்.