பி.எச். கணக்கில் காணாமல் போகும் தண்ணீர்

ப்ளஸ் டூ மாணவர்களைப் பயமுறுத்துவது பி.எச். கணக்கு அல்ல, யோசிக்காமல் மனப்பாடம் செய்த சூத்திரம்தான்.

1909-இல் டென்மார்க்கில் சோரன்சன் உருவாக்கிய இந்த அளவு ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்குறி மடக்கை. அதனால், பி.எச். 3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி.யைத் தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் பி.எச். 4 ஆகும். பத்து மடங்கு நீர்த்தாலும் ஒரு படிதான் ஏற்றம். (அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்தவை ஏறக்குறைய அரைப் படிதான் ஏறும்; நீர்க்க நீர்க்க அவை கூடுதலாக அயனியாகின்றன.)

இப்படியே ஐந்து முறை நீர்த்தால்? செறிவு பத்துக் கோடியில் ஒரு பங்கு மோலார். சூத்திரம் பி.எச். 8 என்கிறது. பலரும் அதையே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் காரமாகிவிடுமா? மோரில் எத்தனை குடம் ஊற்றினாலும் அது சுண்ணாம்புத் தண்ணீர் ஆகாதே!

25 டிகிரி செல்சியஸில் தூய நீரிலேயே கோடியில் ஒரு பங்கு மோலார் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. அமிலம் அதைவிடக் குறைந்துவிட்ட பிறகு, தண்ணீரை எப்படி ஒதுக்க முடியும்? அதையும் சேர்த்துச் சமநிலைக் கணக்குப் போட்டால் விடை 6.98.

இந்தக் கணக்கைப் போட்டித் தேர்வுத் தந்திரமாகக் கடைசியில் சொல்லாமல், ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுத வேண்டும். மாணவர்கள் 8 என்று சொல்லட்டும். தண்ணீர் எங்கே போனது என்று அப்போது கேட்கலாம்.