படுக்கை கேட்காத நோயும் பாராமுகம் காட்டும் அரசும்

மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தவரை மட்டுமே நோயாளி என்று ஏற்கும் ஒரு காப்பீட்டு முறை, வாழ்நாள் முழுவதும் மருந்தோடு வாழ வேண்டியவர்களை என்ன செய்யும்? சொரியாசிஸ் என்னும் தோல் நோயும், அதையொட்டி வரும் சொரியாசிஸ் மூட்டழற்சியும் இந்தக் கேள்வியை நாட்டின் சுகாதாரக் கொள்கையின் முன் வைக்கின்றன. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நோயைக் கட்டுக்குள் வைத்து, மூட்டுகள் சிதையாமல் காத்து, உழைத்து வாழ வகைசெய்யும் மருந்துகள் பல உள்ளன. யாருக்கு எந்த மருந்து என்பதை நோயின் கடுமை தீர்மானிக்க வேண்டும். இந்தியாவிலோ அதைப் பெரும்பாலும் நோயாளியின் வருமானமே தீர்மானிக்கிறது.

சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் தடம்மாறிச் செயல்படுவதால் தோலின் செல்கள் மிதமிஞ்சிய வேகத்தில் பெருகித் தடிப்புகளாகவும் செதில்களாகவும் வெளிப்படுகின்றன. தொடுவதாலோ, உடன் அமர்ந்து உண்பதாலோ இது பரவாது. இருந்தும் தொழுநோய் என்ற தவறான அச்சத்தால் வீட்டு வேலையிலிருந்தும் உணவகப் பணியிலிருந்தும் நிறுத்தப்படுவோர் உண்டு. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, இது தொற்றாத, வலி மிகுந்த, உடலை முடக்கவல்ல நாட்பட்ட நோய் என்று ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் தோலோடு நிற்பதில்லை. விரல் முழுவதும் வீங்கித் தடிக்கும். நகங்களில் குழிகள் விழும். குதிகாலில் வலி தங்கும். காலையில் எழுந்தால் மூட்டுகள் நெடுநேரம் இறுகிக் கிடக்கும். இதை உறுதிசெய்யத் தனியொரு இரத்தப் பரிசோதனை இல்லை. முடக்குவாதத்தைக் காட்டும் பரிசோதனை இவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்மறையாகவே வரும். எனவே “ஒன்றுமில்லை” என்ற சொல்லோடும் வலிமாத்திரையோடும் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் அலைகிறார். சிகிச்சை ஆறு மாதம் தாமதித்தாலே மூட்டில் மீளாச் சிதைவு நேர வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தையல் தொழிலாளிக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் சுமைப்பணியாளருக்கும் விரலும் முழங்காலும்தான் வாழ்வாதாரம். அங்கே தொலைந்த ஆறு மாதத்தைப் பின்னர் எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

சிகிச்சை படிப்படியானது. நோய் தோலில் சிறு பரப்பில் இருந்தால் களிம்புகள் போதும். உடலெங்கும் பரவினால் புறஊதாக் கதிர்ச் சிகிச்சை பயன்தரும். கார்போகரிசியில் உள்ள சோராலென் என்னும் வேதிப்பொருளை மருந்தாகக் கொடுத்து, குறித்த நேரம் வெயிலில் இருக்கச் செய்யும் சிக்கன முறையும் இந்திய மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. ஆனால் கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தினக்கூலிக்கு இது வாரத்தில் பாதிக்கூலியை இழப்பதற்குச் சமம். கட்டணமே இல்லாத சிகிச்சையும் இப்படித்தான் ஏழைக்கு எட்டாமல் போகிறது.

மூட்டுகள் தாக்கப்பட்டால் பெரும்பாலும் முதலில் கையிலெடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். இதன் வரலாறு இந்திய வாசகர் அறிய வேண்டிய ஒன்று. ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். பின்னர் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையேற்ற குழுதான் ஃபோலிக் அமிலத்தையும், அதன் எதிர்மருந்துகளான அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றையும் உருவாக்கியது. இரத்தப் புற்றுநோய்க்கென வந்த அமினோப்டெரின் சொரியாசிஸையும் தணிப்பதை 1951இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதைவிடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று இம்மருந்து தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. யாருடைய ஏகபோகத்திலும் இல்லாததால் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மலிவானது என்பதற்காக இதைத் தாமாகவே வாங்கி உண்ணலாகாது. வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கால இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். மது விலக்கு வேண்டும். கருவுற்றோர் அறவே தவிர்க்க வேண்டும். ஆகவே மருந்தை மலிவாகத் தந்தால் மட்டும் போதாது. தொடர்ந்து கண்காணிக்கும் பொது மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும்.

இந்த மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கும், முதுகெலும்பில் நோய் இறங்கியவர்களுக்கும் உயிரியல் மருந்துகள் தேவைப்படுகின்றன. அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் குறிபார்த்துத் தடுப்பவை இவை. அடாலிமுமாப் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் வேர்கள் பொதுப்பணத்தில் ஊன்றியவை. பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் கிரெகரி வின்டர் வளர்த்த எதிர்ப்பொருள் நுட்பமே அதன் அடித்தளம். அப்பணிக்கு 2018இல் வேதியியல் நோபல் பரிசு கிட்டியது. டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுத்தால் மூட்டழற்சி தணியும் என்று நிறுவிய மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் ஆய்வு லண்டனில் மக்களின் நன்கொடையால் இயங்கிய கென்னடி நிறுவனத்தில் நிகழ்ந்தது. ஆனால் 2002இன் இறுதியில் ஹுமிரா என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது அம்மருந்து ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாகிவிட்டது. அமெரிக்காவில் அதன் விலை 27 முறை உயர்த்தப்பட்டதை அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே 2021இல் வெளிப்படுத்தியது. அதைச் சுற்றி 247 காப்புரிமை விண்ணப்பங்கள் அடுக்கப்பட்டன. போட்டி மருந்து அங்கே 2023இல்தான் நுழைய முடிந்தது.

இந்தியாவில் அடாலிமுமாபின் முதல் நிகர்மருந்து 2014 டிசம்பரிலேயே வந்துவிட்டது. உலகிலும் அதுவே முதல். அன்று ஒரு குப்பியின் விலை 200 டாலர். அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த உள்நாட்டு மருந்துத் தொழிலின் வலிமை இது. 2005இல் அச்சட்டம் உலக வர்த்தக அமைப்பின் நெருக்குதலால் திருத்தப்பட்டபோது, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை பெறும் தந்திரத்தைத் தடுக்கும் 3(டி) பிரிவு இடதுசாரிகளின் அழுத்தத்தால் வலுப்பெற்றது. 2013இல் நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

எனினும் ஐந்தில் ஒரு பங்கும் உழைப்பவருக்குப் பெருந்தொகையே. மாதம் இரண்டு ஊசி என்றால் அன்றைய மாற்று மதிப்பில் அது 25,000 ரூபாயைத் தொட்டது. பல நிறுவனங்கள் களமிறங்கியபின் விலை இறங்கியிருந்தாலும், ஊசியைக் காலவரையின்றித் தொடர வேண்டிய ஒரு குடும்பத்துக்கு அது இன்னும் எட்டாக்கனியே.

கியூபாவின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் நெரிக்கப்பட்ட அந்தச் சிறு நாட்டின் அரசு நிறுவனமான ஹவானா மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்தில் பிறந்தது இட்டோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள். பெங்களூரின் தனியார் நிறுவனம் ஒன்று அம்மையத்துடன் இணைந்து அதை வளர்த்து, 2013இல் சொரியாசிஸுக்கான மருந்தாக இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த மருந்துகளின் அளவுக்கு அதன் பலன் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உயிரியல் மருந்து பெருமுதலாளியின் ஆய்வகத்தில்தான் பிறக்கும் என்ற வாதத்தை அது உடைக்கிறது. கியூபாவின் பொதுத்துறை ஈன்றதை இந்தியாவில் கைநீட்டி வாங்க ஒரு பொதுத்துறை நிறுவனம் முன்நிற்கவில்லை என்பதே வேதனை. ஐ.டி.பி.எல்., இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் போன்றவை நவீன தாராளமய ஆண்டுகளில் நலிய விடப்பட்டதன் விளைவு இது.

இனி காப்பீட்டைப் பார்ப்போம். 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிகிச்சைக்கானது. சொரியாசிஸ் மூட்டழற்சி வெளிநோயாளிப் பிரிவின் நோய். மாதந்தோறும் மாத்திரை, ஊசி, இரத்தப் பரிசோதனை, இயன்முறைப் பயிற்சி ஆகியவையே அதன் செலவுகள். மூட்டு சிதைந்து மாற்று அறுவைக்கு வரும்வரை காத்திருந்தால் காப்பீடு வாசலைத் திறக்கும்; சிதையாமல் காக்க முனைந்தால் கதவடைக்கும். தனியார் மருத்துவமனைகளின் படுக்கைகளை நிரப்புவதற்கு ஏற்ற ஏற்பாடு இது. நோயைத் தடுப்பதற்கானது அன்று.

செலவுக்குப் பணமில்லை என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான மறுமொழி. மருத்துவத்துக்கு அரசு செலவிடுவதை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல் அது 1.84 விழுக்காடே. அதே ஆண்டில் நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். இதில் இன்னொரு உண்மையும் உண்டு. எல்லா நோயாளிக்கும் விலையுயர்ந்த ஊசி தேவையில்லை. உரிய காலத்தில் நோயை இனங்கண்டு மெத்தோட்ரெக்சேட்டை முறையாகக் கொடுத்தாலே பலர் நலம்பெறுவர். எஞ்சியோருக்கான மருந்தை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை மேலும் இறங்கும். மொத்தக் கொள்முதலின் வலிமையைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் கேரளமும் ராஜஸ்தானின் இலவச மருந்துத் திட்டமும் மெய்ப்பித்துள்ளன.

அரசு விலகி நிற்கும் இடத்தை வேறு சிலர் நிரப்புகிறார்கள். “நிரந்தரத் தீர்வு” என்று விளம்பரம் செய்து, உள்ளே ஸ்டீராய்டு கலந்த பொடியை விற்போர் உள்ளனர். உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக வெடித்து உயிருக்கே உலைவைக்கக்கூடும். 2018இல் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. அந்த ஆணை மருந்துக்கடைப் படிக்கட்டைத் தாண்டவில்லை. உயிரியல் மருந்துக்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். காசநோய் மிகுந்த இந்நாட்டில் அச்சோதனையும் பொது மருத்துவமனையின் பொறுப்பாக வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. நாட்பட்ட நோய்களுக்கான வெளிநோயாளிச் சிகிச்சையை அரசுத் திட்டங்கள் ஏற்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் வாதநோய்ப் பிரிவும் கதிர்ச் சிகிச்சைக் கருவியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அடாலிமுமாபைச் சேர்த்தது. அதை அரசு மொத்தமாக வாங்கி விலையின்றி வழங்க வேண்டும். உயிரியல் மருந்துகளைப் பொதுத்துறை தயாரிக்க வேண்டும். தடையாகும் காப்புரிமை எதுவாயினும் கட்டாய உரிமம் தயங்காமல் பயன்படுத்தப்பட வேண்டும். 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அவ்வுரிமம் வழங்கியபோது மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ரூபாயாக வீழ்ந்தது.

இவற்றில் ஒரு பகுதியைத் தொழிற்சங்கங்கள் இன்றே தொடங்கலாம். 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு வெளிநோயாளிச் சிகிச்சையை உரிமையாக்கியது. ஆனால் அதற்கான ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஊதியம் சிறிது உயர்ந்தவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். வரம்பை உயர்த்தவும், ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இம்மருந்துகள் தடையின்றிக் கிடைக்கவும் போராட வேண்டும். தோலில் தடிப்போடு வேலைக்கு வரும் சக தொழிலாளியை ஒதுக்கும் வழக்கத்தை ஆலை வாயிலிலேயே எதிர்க்க வேண்டும். வீங்கிய விரலோடு வலிமாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவரை உரிய மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் கிளையின் பணியே. கொள்கை மாறும்வரை அவருடைய மூட்டு காத்திருக்காது.