வீட்டுப் பக்குவம்: ஆட்டுப்பால் பனீரில் இனிப்பும் காரமுமாய் ஒரு சாண்ட்விச்

"ஐயே, ஆட்டுப்பாலிலா!" என்று முகம் சுளிக்கிற சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். மூன்று மாதத்துக்கு முன்புவரை நானும் உங்கள் கட்சிதான்.

எங்கள் திட்டக்குடியில், வெள்ளாற்றை ஒட்டிய தெருக்களில் ஆடு இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். ஆனால் பாலுக்காக யாரும் ஆடு வளர்ப்பதில்லை. அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கவும், தீபாவளிக் கறிக்கும்தான். பாலைக் குட்டி குடித்துவிடும். யார் வீட்டிலாவது குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு டம்ளர் கறந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார்கள்.

அந்த ஒரு டம்ளர்தான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக வந்தது.

என் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து அழ ஆரம்பித்தான். என் மாமியாருக்கு எண்பதை நெருங்கும் வயது. அத்தை சொல்லிவிட்டார்: "தாய்ப்பால் பத்தலம்மா. ஆட்டுப்பால் ஊத்து. நான் அஞ்சு பெத்தவ, எனக்குத் தெரியாததா?" எதிர்வீட்டு அக்காவிடம் அவரே போய்ச் சொல்லியும் விட்டார். அவர்களிடம் நல்ல தலைச்சேரி ஆடு ஒன்று, குட்டி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் அரை லிட்டர் பால், நுரையோடு சொம்பில் வந்து நின்றது.

பெண் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அத்தை முகத்தைப் பார்க்கிறேன். இருபத்தைந்து வருஷமாக அந்த முகத்துக்கு எதிரே நான் 'வேண்டாம்' என்று சொன்னது கிடையாது. "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோம் அத்தை" என்று சொல்லி, பேரனைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஏறினோம்.

குழந்தை வைத்தியர் முதலில் எடை பார்த்தார். பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறான் என்று கேட்டார். ஆறு தடவைக்குக் குறையாமல் போய், எடையும் ஒழுங்காக ஏறினால் தாய்ப்பால் போதுகிறது என்றுதான் அர்த்தமாம். ராத்திரி அழுவதை மட்டும் வைத்துப் பால் பத்தவில்லை என்று முடிவு கட்டக் கூடாது என்றார். ஆட்டுப்பால் பேச்சை எடுத்ததும் பொறுமையாகவே விளக்கினார்.

ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் என்கிற சத்து மிகவும் குறைவு. ரத்தம் ஊறுவதற்கு அது வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலையே கொடுத்து வந்தால் குழந்தை வெளுத்து, சோகை பிடித்துவிடும். புரதமும் உப்புச் சத்துகளும் அந்தச் சின்னஞ்சிறு சிறுநீரகம் தாங்கும் அளவைவிட அதிகம். காய்ச்சாமல் கொடுத்தாலோ புரூசெல்லா என்கிற கிருமி வந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் சேரும் என்கிறார்களே, அதுவும் தவறாம். இரண்டு பாலிலும் புரதம் ஏறக்குறைய ஒரே ஜாடையாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அப்புறம் கஞ்சி, பருப்பு, கீரை மசியலோடு தாய்ப்பாலும். ஒரு வயது முடிந்தபின், மற்ற சாப்பாட்டோடு நன்றாகக் காய்ச்சிய ஆட்டுப்பால் கொடுத்தால் தப்பில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து, பயந்துகொண்டே அத்தையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மூணாவது ஒண்ணு இருந்துச்சு. வெளுத்து வெளுத்துக் கிடந்துச்சு. எனக்குப் பால் வத்திப்போச்சுன்னு ஆட்டுப்பால்தான் ஊத்தினேன். ஒண்ணரை வயசுல போயிடுச்சு" என்றார். அது வேறு நோயாகக் கூட இருந்திருக்கலாம், இப்போது யாரால் சொல்ல முடியும்? அதையேதான் அவரிடமும் சொன்னேன். ஐந்து பெற்றேன் என்பார், நாங்கள் அறிந்தது நாலு பேர்தான். கணக்கு எங்கே இடித்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு குழந்தைக்கு ஆட்டுப்பால் என்ற பேச்சே இல்லை. ஆனால் எதிர்வீட்டுச் சொம்பு நிற்கவில்லையே! ஆசையாகக் கொண்டுவருகிறவர்களிடம் வேண்டாம் என்றால் மனம் நோகும். டீ போட்டுப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் டம்ளரை அப்படியே திருப்பி வைத்துவிட்டார். புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா மகள்தான் போனில் வழி சொன்னாள். அங்கே பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டுக் கடையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவி, தேன் விட்டுச் சுட்டுத் தருகிறார்களாம். பிரெஞ்சில் அதற்கு 'ஷெவ்ர்' என்று பெயர். ஷெவ்ர் என்றாலே ஆடுதான்! நம் ஊர்ப் பெண்ணுக்குத் தேன் மட்டும் போதுமா, காரம் வேண்டாமா?

முதல் தடவை சொதப்பினேன். பசும்பால் பனீர் மாதிரியே கொதிக்கக் கொதிக்க எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, துணியில் கட்டி, அம்மிக்குழவியை மேலே ஏற்றினேன். பாதி துணிக்கண் வழியாகத் தண்ணீரோடு போய்விட்டது. ஆட்டுப்பால் திரிந்தால் கட்டி பட்டுப்போல மிருதுவாக இருக்கும், பாரம் தாங்காது. அதுவே ரொட்டியில் தடவுவதற்கு வசதி என்று பிறகு புரிந்தது.

ஒரு லிட்டர் பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சி இறக்குங்கள். மூன்று நிமிடம் ஆறட்டும். இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் எலுமிச்சையை நிறுத்திவிடுங்கள், அதிகம் விட்டால் புளிக்கும். பத்து நிமிடம் மூடி வைத்து, இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒன்றரை மணி நேரம் குழாயில் தொங்கவிடுங்கள். பாரம் வேண்டாம். ஏறக்குறைய 150 கிராம் கிடைக்கும். வெள்ளை வெளேர் என்று இருக்கும், பசும்பாலின் மஞ்சள் ஜாடையே இராது. அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

வாடை பற்றி ஒரு வார்த்தை. கறந்த உடனே காய்ச்சினால் வாடை பாதி குறையும். கிடாவோடு சேர்த்துக் கட்டிய ஆட்டின் பால் வாடை அடிக்கும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள். தனியாகக் கட்டியபின் நானே வித்தியாசம் கண்டேன். மிச்ச வாடையைப் பூண்டு பார்த்துக்கொள்ளும்.

இனிப்பு-காரத் தொக்குக்கு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பத்து, காய்ந்த மிளகாய் நாலு, சுண்டைக்காய் அளவு புளி, மூன்றையும் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, ஆறு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி வெல்லத்தூள் போட்டு, எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்குங்கள். சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பலா வந்து குவியும்போது பேரீச்சைக்குப் பதில் பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி வதக்கலாம், அதன் ருசியே தனி. அப்படிச் செய்யப்போய்த்தான் அத்தை, "பச்சை உடம்புக்காரிக்குப் பலாப்பழமா!" என்று பிடித்துக்கொண்டார். குழந்தை வைத்தியரின் கட்சியை ஒரு தடவை ஜெயிக்க வைத்தாயிற்று, இதில் அத்தையே ஜெயிக்கட்டும் என்று பேரீச்சைக்கு மாறினேன். பூண்டு சேர்த்ததில் அவருக்குப் பரம திருப்தி.

இனி ரொட்டி. ஒரு துண்டில் பனீரைத் தாராளமாகவும் இன்னொன்றில் தொக்கை மெல்லிசாகவும் தடவி, உள்ளே வட்டமாக நறுக்கிய வெங்காயம் நாலு வைத்து மூடுங்கள். வெளிப்பக்கம் நெய் தடவி, தோசைக்கல்லைச் சிறு தணலில் வைத்து, மேலே சின்ன இரும்புக் கடாயைக் கவிழ்க்காமல் பாரமாக வைத்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுட்டெடுங்கள். எலுமிச்சையில் திரித்த பனீர், கடைச் சீஸ் மாதிரி உருகி ஓடாது. அதனால் உருகட்டும் என்று காத்திருந்து ரொட்டியைக் கருக்கிவிடாதீர்கள். இந்த அளவில் நாலு சாண்ட்விச் வரும். பனீரைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், அன்றைக்கே தீர்த்துவிடுவது உத்தமம். தேன் சேர்க்கிறவர்கள் ஒரு வயது ஆகாத குழந்தையின் வாயில் அதைத் தடவவே கூடாது, விளையாட்டுக்குக்கூட.

பால் கொடுக்கிற தாய் காரம் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். வயிறு தாங்குகிற அளவு சாப்பிடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். என் பெண் ராத்திரி எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் சோறு இறங்காமல் வெறும் காபியோடு இருப்பாள். இந்தச் சாண்ட்விச் வந்தபிறகு காலையில் இரண்டு சாப்பிட்டாள். புரதம், சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் இருக்கிறது. மதியம் கீரையும் பாசிப்பயறும் தவறாமல் வைத்தேன், ஆட்டுப்பாலில் குறைகிற ஃபோலிக் சத்து அதில் இருக்கிறதே.

ஆட்டுப்பால் என்றால் காந்திஜி நினைவு வராமல் போகாது. பாலே தொடுவதில்லை என்று விரதம் இருந்தவர், 1918-ல் கடுமையாக நோயுற்றார். விரதம் எடுத்தபோது பசுவையும் எருமையையும் மனத்தில் வைத்துத்தானே எடுத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று மடக்கியவர் கஸ்தூரிபா. பிடிவாதக்காரர் வீட்டில் ஒரு பெண் வழி கண்டுபிடித்த கதை அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அத்தைக்குப் பல் இல்லை. ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, நடுப்பகுதியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். "பரவால்ல, வாடை இல்ல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை சொம்பு வர நேரமானதும் அவரே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேரனுக்கு இப்போது எட்டு மாதம். கேழ்வரகுக் கூழும் தாய்ப்பாலுமாகப் புகுந்த வீட்டில் இருக்கிறான். எதிர்வீட்டு ஆட்டுக்கும் பால் வற்றிவிட்டது, இனி அடுத்த ஈற்றுக்குத்தான். அதுவரை பசும்பால் பனீரில் ஒரு கரண்டி கெட்டித் தயிர் பிசைந்து இதே சாண்ட்விச் செய்துகொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அதுவே பிடித்திருக்கிறது. அத்தைக்குத்தான் மனசு ஒப்பவில்லை.