"லினக்ஸ்ல பிரிண்டர் எடுக்காதுங்க" என்று சொல்பவர்களுக்கு ஒரு வாத்தியாரின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவுங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். பள்ளிக்கூடத்துக்குப் பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அன்னூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. "சார், பிரிண்டர் எடுக்க மாட்டேங்குதுங் சார். கடைக்காரர் கம்ப்யூட்டரையே மாத்தச் சொல்றாருங்" என்றாள். குரலில் அழுகை இல்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளியில் ஐந்து கணினிகள். எல்லாம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட வகைப் பிராசசர் வேண்டும். அந்தக் கணினிகளில் இல்லை. பொறியியல் படிக்கும் அவளுடைய பழைய மாணவன் ஒருவன் ஒரு சனிக்கிழமை வந்து ஐந்திலும் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒரு பைசா வாங்கவில்லை. கணினிகள் முன்பைவிட வேகமாக ஓடுகின்றன. பிரிண்ட் மட்டும் வரவில்லை.

கடைக்காரர் வந்து பார்த்தார். பார்த்தார் என்றால், நின்றபடியே பார்த்தார். "லினக்ஸ்ல பிரிண்டர் எடுக்காதுங்க டீச்சர். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிருங்க, கொட்டேஷன் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் 26 பிள்ளைகள். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயாராகிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. விசைத்தறியிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெற்றோருக்கு அது சின்னப் பணம் அல்ல. மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி. கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்த முடியாது. படம் பார்த்து விடை சொல்லும் கேள்விகள் நிறைய. தாளில் அச்சடித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 14 பக்கம். 26 பேருக்கு 364 பக்கம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய் என்றால் ஒரு மாதிரித் தேர்வுக்கு 728 ரூபாய். நான்கு வாரமாக அவள் சொந்தக் காசில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போனேன். அங்கே இரண்டு பிரிண்டர்கள். ஒன்று, வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர். இன்னொன்று, பழைய சிறிய லேசர் பிரிண்டர். நிறுவனப் பெயர்கள் வேண்டாம்.

முதல் பிரிண்டரை லினக்ஸ் ஏற்கனவே தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது! எந்த டிரைவரும் போடாமலே பட்டியலில் பெயர் இருந்தது. பிறகு ஏன் அச்சாகவில்லை? இரண்டு காரணம். லினக்ஸ் போட்ட பையன் மொழியாக அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்திருக்கிறான். அதனால் தாளின் அளவு 'லெட்டர்' என்று பதிவாகிவிட்டது. நாம் வைப்பது ஏ4. லெட்டர் அகலம் 216 மி.மீ., உயரம் 279. ஏ4 அகலம் 210, உயரம் 297. பிரிண்டர் பாவம், வராத தாளுக்காக விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. நம்மவர்கள் பத்து முறை பிரிண்ட் கொடுத்திருக்கிறார்கள். பிழை வந்ததும் லினக்ஸ் அந்த அச்சு வரிசையை நிறுத்தி வைத்துவிட்டது. அதன் பிறகு யார் கொடுத்தாலும் போகாது. தாள் அளவை மாற்றினேன். தேங்கிய வேலைகளை நீக்கினேன். 'மறுபடி தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தினேன். வந்தது. மொத்தம் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் என் கண்ணாடியைத் தேடியது.

புதுக் கணினி வாங்கச் சொன்ன கோளாறு இதுதானுங்க. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இரண்டாவது பிரிண்டரில் நான் தோற்றேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வகைப் பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினியில் இருக்கும் டிரைவர்தான் செய்யும். அந்த டிரைவரை அந்த நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் கொடுத்தது. எந்த மொழியில் பிரிண்டரோடு பேசுகிறது என்பதையும் வெளியே சொல்லவில்லை. இது லினக்ஸின் குறையா? வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவனை விட்டுவிட்டு, வாங்கியவனைக் குறை சொல்கிறோம்.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி தாள் சிக்கும். பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்று மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. வைத்திருந்தவர், "கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபமும் ஒரு காரணமாகத்தான் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. ஒரு பிரிண்டரிடம் பட்ட பாட்டில் இருந்து வளர்ந்த இயக்கத்தைப் பார்த்து "உனக்குப் பிரிண்டர் வராது" என்கிறோம்.

இன்னொன்றும் கேளுங்கள். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999இல் வெளியிட்டார். அதை ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் அதன் உரிமையையே விலை கொடுத்து வாங்கியது. லட்ச ரூபாய் மேக் கணினியிலும், நம் பள்ளியின் பழைய கணினியிலும் அச்சடிப்பது ஒரே வழிவந்த மென்பொருள்தான்! 2010இல் ஐபோனில் டிரைவர் இல்லாமல் அச்சடிக்க ஏர்பிரிண்ட் வந்தது. அதற்கு அடிப்படை ஐபிபி என்ற பொது நெறிமுறை. ஐபோன் வைத்திருப்பவரை எந்த நிறுவனமும் இழக்க விரும்பாது. அதனால் இப்போது வரும் வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை அந்தப் பொது மொழியைப் பேசுகின்றன. லினக்ஸும் அதையே பேசுகிறது. எச்பி நிறுவனம் லினக்ஸுக்கென்றே திறந்த மூல மென்பொருளை வெளியிட்டு வருகிறது. சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மூடிய துணுக்கு தேவைப்படும்.

பொது மொழி என்றால் என்ன என்று கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஒரு கம்பெனி. பைப் ஒரு கம்பெனி. ஸ்டார்ட்டர் வேறொரு கம்பெனி. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். எரிந்தால் அன்னூரிலோ அவிநாசியிலோ எந்த ரீவைண்டிங் கடையிலும் கட்டிக் கொடுப்பார்கள். "எங்கள் மோட்டாருக்கு எங்கள் பைப் மட்டும்தான், பிரித்துப் பார்க்கக் கூடாது" என்று ஒருவன் வந்திருந்தால் அவனைச் சந்தைக்குள் விட்டிருப்போமா? வெள்ளைக்காரர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கி, அக்கக்காகப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டவர் ஜி.டி. நாயுடு. அவர் ஊரில் இருந்துகொண்டு, தாள் அளவை மாற்றிப் பார்க்காமல் கணினியையே தூக்கி எறியச் சொல்கிறோம்.

ஏற்கனவே இரண்டு முறை வாய்ப்பைக் கோட்டை விட்டோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. என் மாணவர்கள் வாங்கி வந்த முதல் வாரத்திலேயே பலர் அதை அழித்தார்கள். "ஏன் கண்ணு அழிச்சே?" என்றால், "பிரிண்ட் எடுக்க முடியாதாம் சார்" என்பார்கள். யார் சொன்னது என்றால், கடைக்காரர். 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. நான் போய் வந்த அலுவலகங்களில் அது நிலைக்கவில்லை. அங்கேயும் அதே வசனம்தான் கேட்டேன். வாளையாரைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, அரசுப் பள்ளிகளை முழுக்க லினக்ஸில் ஓட்டுகிறது. அங்கே பிரிண்டர் இல்லாமலா வினாத்தாள் எடுக்கிறார்கள்?

இதில் என் குற்றமும் உண்டு. அந்தப் பிள்ளைகள் அழித்தபோது நானும் சும்மா இருந்தேன். இயற்பியல் வாத்தியார் நான். காரணம் தெரியாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று வகுப்பில் முழங்கியவன், கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து கற்றேன்.

"உங்களுக்கு நேரம் இருக்குங் சார், வேலையில இருக்கிறவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லினக்ஸ் நண்பர்களே, இது உங்களுக்கும்தான். உதவி கேட்டு வந்த ஆசிரியையிடம் டெர்மினலைத் திறந்து நான்கு வரி அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நேரில் போங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு தாளில் தமிழில் எழுதி பிரிண்டர் மேல் ஒட்டிவிட்டு வாருங்கள். நான் ஒட்டியது இவ்வளவுதான்:

1. அச்சு வரவில்லையா? முதலில் தாள் அளவு ஏ4 தானா பார்.

2. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, 631 என்று அடி. கப்ஸ் பக்கம் வரும். பிரிண்டர் நின்றிருந்தால் அங்கேயே தொடங்கலாம். கேட்டால் கணினியின் கடவுச்சொல்லைக் கொடு.

3. பத்து முறை பிரிண்ட் கொடுக்காதே. தேங்கியதை நீக்கிவிட்டு ஒரு முறை கொடு.

4. தமிழ்த் தாளை வெளியே அச்சடிக்க வேண்டி வந்தால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போ. எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். கடையில் எழுத்து உடையாது.

தலைமையாசிரியர்களுக்கும், கல்வித் துறையில் பொருள் வாங்குபவர்களுக்கும், பள்ளிக்குப் பிரிண்டர் வாங்கித் தரும் ரோட்டரி, லயன்ஸ் நண்பர்களுக்கும் நான் கேட்பது இரண்டே வரி. அடுத்த கொட்டேஷனில் இதைச் சேருங்கள்: "ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் வசதி இருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் லினக்ஸ் கணினியில் இருந்து தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டிய பிறகே பில் கையெழுத்தாகும்." இதனால் செலவு கூடப் போவதில்லை. இந்த இரண்டு வரி இல்லாததால்தான் 26 பிள்ளைகளின் தேர்வுத் தாளுக்கு ஒரு ஆசிரியை தன் சம்பளத்தில் இருந்து காசு எடுத்தாள்.

அன்று மாலை 364 பக்கமும் அச்சாகி முடிய மணி ஐந்தரை ஆகிவிட்டது. ஒரு பையன் கடைசி வரை நின்று தாள்களை அடுக்கினான். "சார், அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமுங்களா?" என்றான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தோற்றுப்போன அந்தப் பழைய லேசர் பிரிண்டரைத் திறந்து காட்டினேன். கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் ஓட வேண்டியதாகிவிட்டது.

கோவை, அன்னூர், அவிநாசி, சூலூர் பக்கம் எந்த அரசுப் பள்ளியிலாவது லினக்ஸில் பிரிண்டர் எடுக்கவில்லை என்றால் இங்கே எழுதுங்கள். பஸ் செலவு என்னுடையது. மதியம் ஒரு வாய் சோறு போட்டால் போதும்.