தாமே கற்றோரும் பல்கலைக்கழக வாயிலும்

பள்ளியிற் பயிலாது, நூல்களையே ஆசானாகக் கொண்டு கணிதம் கற்ற ஒருவர், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விழைகின்றார் எனக் கொள்வோம். அவர்தம் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் அலுவலர், 'இவருக்குக் கணிதம் தெரியுமா?' என்று முதலில் வினவுவதில்லை. 'எந்தப் பள்ளி? எந்தத் தேர்வு? எத்தனை மதிப்பெண்?' என்றே வினவுகின்றார். முதல் வினாவுக்குச் செம்மையாக விடை தரவல்லார் பலர், பின்னைய வினாக்களின் முன் வாயடைத்து நிற்கின்றனர். இந்நிலை முறைதானா? இதனைக் கடக்கும் வழி யாது? இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பது நம் அனைவர்க்கும் கடனாம்.

முன்னோர் இருவர்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1793ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் கிரீன். ரொட்டி சுடும் தொழில் செய்தவரின் மகன். அவர் பள்ளி சென்றது ஏறத்தாழ ஓராண்டே. தந்தையின் காற்றாலையில் மாவரைக்கும் பணிக்கிடையே கணிதம் கற்றார். மின்னியலையும் காந்தவியலையும் கணித நெறியில் ஆராயும் நூலொன்றை 1828இல் வெளியிட்டார். அதனை முன்பதிவு செய்து வாங்கியோர் ஏறத்தாழ 50 பேரே. அவருள் ஒருவரான எட்வர்ட் பிராம்ஹெட் என்பார் அதன் அருமையை உணர்ந்து தந்த ஊக்கத்தால், கிரீன் தம் 40ஆம் அகவையில், 1833இல், கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு இடர் விளைத்தவை அன்று கட்டாயமாக இருந்த இலத்தீனும் கிரேக்கமுமே, கணிதம் அன்று. 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அவர் பெயர் தாங்கிய தேற்றம் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது.

இரண்டாமவர் நம் மண்ணின் மைந்தர் சீனிவாச இராமானுஜன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிற் சேர்ந்த அவர், ஆங்கிலத்தில் தவறியமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறினாரில்லை. 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலே திருப்பம் தந்தது. பட்டம் ஏதுமில்லாத அவருக்கு அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள்தோறும் ரூ.75 ஆய்வுதவித்தொகை வழங்கியது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916இல் ஆய்வின்வழிப் பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இவ்விருவர் வரலாற்றையும் சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிடுகின்றோம். இவற்றுள் மறைந்துள்ள கசப்பான உண்மை ஒன்றுண்டு. இருவரும் புரவலர் ஒருவரின் கண்ணில் பட்டமையால் உள்ளே சென்றனர். பிராம்ஹெட்டைக் காணாத கிரீன்களும், ஹார்டியிடமிருந்து மறுமொழி பெறாத இராமானுஜன்களும் எத்தனை பேரோ? விதிவிலக்கு ஒருவரின் அருளால் கிட்டுவது. விதியோ அனைவர்க்கும் உரிமையாவது. நாம் வேண்டுவது விதியே.

பல்கலைக்கழகத்தின் தரப்பு

இனி, பல்கலைக்கழகத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. கணிதம் செங்கல்மேற் செங்கல் அடுக்கிய சுவர் போன்றது. கீழ்வரிசையில் ஒரு கல் குறையின் மேல்வரிசை நில்லாது. தாமே கற்போர் தாம் விரும்பிய பகுதியில் ஆழ்ந்து, விரும்பாத பகுதியைத் தாண்டிச் செல்வது இயல்பு. எண்ணியலில் வல்லவர் முக்கோணவியலில் தடுமாறலாம். விடையைக் கண்டவர் நிறுவலை எழுத அறியாதிருக்கலாம். இராமானுஜனின் முடிவுகள் பலவற்றுக்கு முறையான நிறுவல் இல்லாமையை ஹார்டியே சுட்டியுள்ளார். ஆகவே, சான்று கேட்பது தவறன்று. தகுதியைத் தளர்த்துக என இரப்பதும் தாமே கற்றோர்க்குப் பெருமை தாராது.

ஆயினும், கணிதத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டா, கருவிகள் வேண்டா. மூன்று மணி நேரமும் வினாத்தாளும் வெற்றுத்தாளும் போதும். கற்றவர் யார், கல்லாதவர் யார் என்பது வெள்ளிடைமலையாக விளங்கிவிடும். எந்தப் பாடத்திற்குப் பள்ளிச்சான்று இன்றியமையாதது எனினும், கணிதத்திற்கு அஃது அத்துணை இன்றியமையாததன்று.

இன்றுள்ள வாயில்கள்

வாயில்கள் சில இன்று திறந்தே உள்ளன. தனித்தேர்வர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பிரித்தானிய முறையின் ஏ-லெவல் கணிதத் தேர்வையும் அவ்வாறே தனித்தேர்வராக எழுதலாம். அதில் செய்முறைத் தேர்வு இல்லை. முற்றும் எழுத்துத் தேர்வே. கேம்பிரிட்ஜில் கணிதம் பயில விழைவோர் அதற்கு மேலும் 'ஸ்டெப்' என்னும் தேர்வின் இரு தாள்களை எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு தாளும் 3 மணி நேரம். 12 வினாக்களுள் சிறந்த 6 விடைகளே கணக்கிற் கொள்ளப்படும். பழைய வினாத்தாள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஜெர்மனியில், அயல்நாட்டுச் சான்றிதழ் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது எனின், 'ஸ்டுடியென்கொலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரியில் பொதுவாக ஓராண்டு பயின்று தகுதித்தேர்வு எழுதும் முறை உண்டு. பிரிட்டனில் 1969இல் நிறுவப்பெற்று 1971இல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இளநிலைப் படிப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு முன்தகுதியே கேட்பதில்லை. நம் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பும் கருதத்தக்கது. பள்ளிக்கல்வியை முடித்தவர்க்கு அங்கே நான்கு வாரப் பாடம் நடத்தித் தேர்வு வைக்கின்றனர்; தேறியவர் அனைவர்க்கும் இடமுண்டு. முதலில் கற்பித்து, பின்னர்ச் சோதித்து, அதன்பின் சேர்க்கும் இம்முறை போற்றத்தக்கது.

எனினும் தடைகள் இல்லாமல் இல்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் பரிந்துரை மடல் ஒன்று கேட்கப்படுகின்றது. உறவினரும் நண்பரும் அதனை எழுதலாகாது. பள்ளியில்லாதவர் யாரிடம் செல்வார்? தேர்வு எழுதுமுன் விண்ணப்பிப்போர்க்கு, 'இவர் இன்ன தரம் பெறுவார்' என ஆசிரியர் முன்கூட்டிக் குறித்துத் தருதல் வேண்டும். ஆசிரியரே இல்லாதவர்க்கு அதனைக் குறிப்பவர் யார்? தேர்வுக் கட்டணமும் அயல்நாட்டு நாணய மதிப்பில் அமைவதால் எளிய குடும்பத்திற்கு அது பெருஞ்சுமை. அன்று கிரீனை இலத்தீன் வருத்தியது போல, இன்று ஆங்கில மொழித்தேர்வு பலரை வருத்துகின்றது.

நாம் செய்யத்தக்கன

தாமே கற்கும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். கற்றல் வேறு, கற்றதைப் பிறர் ஏற்கச் செய்தல் வேறு. விரும்பும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை முன்வைத்து, நுமக்குத் தெரியாதவற்றையே முதலிற் கற்பீராக. நிறுவலை வரிவரியாக எழுதிப் பழகுக. முதலில் தேர்வெழுதித் தரத்தைக் கையிற் பெற்று, அதன்பின் விண்ணப்பித்தால், பிறர் முன்கூட்டிக் குறிக்கும் தரத்திற்காகக் காத்திருக்க வேண்டா.

கல்லூரி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் தாமே கற்கும் பிள்ளைகள் இருப்பர். வறுமையால் படிப்பை நிறுத்தியவரும், வீட்டுக்குள் இருந்தே கற்கும் பெண்மக்களும் அவருள் அடங்குவர். திங்களுக்கு ஒரு மாலைப்பொழுதை அவர்க்கென ஒதுக்கி, அவர்தம் விடைத்தாள்களைத் திருத்தித் தரலாகாதா? ஓராண்டு அவ்வாறு கண்ட ஆசிரியர் மனச்சான்றோடு பரிந்துரை மடலும் எழுதலாம். சமுதாயப் பெரியோர்கள் கல்விக்கு ஈயும் பொருளில் ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணத்திற்கென ஒதுக்குவார்களாயின், ஒரு தாளுக்கு ஈந்த சிறுதொகை ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றும்.

பல்கலைக்கழகங்களுக்கு நாம் கூறுவது சுருக்கமானது. தேர்வைக் கடினமாக்குக, அதில் எமக்கு மறுப்பில்லை. அதன் கதவை மட்டும் எவர்க்கும் திறந்து வைக்க. ஆலையில் மாவரைத்தவரும் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதியவரும் கணித உலகிற்கு ஈந்த கொடையை எண்ணுவோர் இதனை மறுக்கமாட்டார். இனி வரும் ஒருவர் புரவலரைத் தேடி அலையாமல், தம் விடைத்தாளையே துணையாகக் கொண்டு உள்ளே செல்லும் நாளை விரைந்து கொணர்வோமாக!