உவர் வேறு, களர் வேறு

தமிழர் நிலத்தை ஐந்திணையாக வகுத்துக் கண்டனர் என்னும் செய்தி பல்கலைக்கழகத் தமிழ் மேடைகளிற் சலிப்பின்றிப் பேசப்படுவதொன்று. ஆனால், அதே தமிழ் விளைவு குன்றிய நிலத்துக்கு உவர் என்றும் களர் என்றும் இரு பெயர் வைத்திருப்பதைப் பற்றிப் பேசுவார் அரியர். கல்லாதவரை வள்ளுவர் களர்நிலத்துக்கு ஒப்பிட்டதை எடுத்துக்காட்டுவோரிடம் களர் யாதென வினவினால், ‘உப்பு நிலம்’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இம்மயக்கம் உரையெழுதுவாரோடு நின்றுவிடின் பெருங்கேடில்லை. அது வயலிலும் தோட்டத்திலும் புகும்போதோ கமக்காரரின் பணமும் உழைப்பும் பாழாகின்றன. கந்தகம் கலந்த கூட்டெருவை இட்டால் எந்த உப்பு நிலமும் விளைநிலமாகிவிடும் என்ற கூற்று இம்மயக்கத்தின் விளைவேயாகும்.

இக்கூற்றை ஆராய்வதற்குச் சாம்பல்தீவு தக்கதோர் இடம். திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்தது அவ்வூர். அயலூரின் பெயர் உப்புவெளி. அப்பகுதியின் இயல்பை அப்பெயரே உணர்த்தும். இத்தகைய கரையோரத்து மண்ணை உப்பு மூன்று வழிகளில் வந்தடைகின்றது. கடல்நீரோ களப்புநீரோ மேலேறிப் பரவுவது முதலாவது வழி. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையெங்கும் செய்தது இதுவே. கிணற்றில் அளவுமீறி நீர் இறைப்பது இரண்டாவது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருப்பின் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீரியலின் பழைய விதி. மேலே ஓரடியை இழப்பவன் கீழே எத்தனை அடியை இழக்கிறான் என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம். கோடையின் வெயிலில் அடிநீர் மேலேறி ஆவியாக, உப்பு மாத்திரம் மேற்பரப்பிற் படிவது மூன்றாவது வழி.

இவற்றால் விளையும் நோய் யாது? இன்றைய தமிழக வேளாண் நூல்கள் கரையும் உப்புகள் மிகுந்த நிலத்தை உவர் என்றும், சோடியம் மண்துகளோடு பற்றிக்கொண்ட காரநிலத்தைக் களர் என்றும் பிரித்து வழங்குகின்றன. அமெரிக்காவின் உவர்மண் ஆய்வுகூடம் 1954 இல் வகுத்த எல்லைகள் இன்றும் பெரிதும் எடுத்தாளப்படுவன. அவற்றின்படி, மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 டெசிசீமனைத் தாண்டின் அது உவர். மண் பற்றிவைத்துள்ள நேர்மின் அயன்களிற் சோடியம் நூற்றுக்கு 15 பங்கைத் தாண்டி, பி.எச். பெறுமானமும் 8.5 இற்கு மேற்செல்லின் அது களர். உவரில் உப்பு நீரிற் கரைந்து நிற்கும். நன்னீர் பாய்ச்சி வடித்தால் அகன்றுவிடும். களரிலோ சோடியம் களியைப் பற்றி நிற்றலால் மண் கட்டுக்குலைந்து இறுகும்; நீர் உட்புகாது. அங்கே கல்சியம் வந்து சோடியத்தைப் பெயர்த்தாலன்றி எவ்வளவு நீர் பாய்ச்சினும் பயனில்லை.

கந்தகத்தின் தொழில் இக்களர்நிலத்திலேயே உளது. கந்தகத்தை உண்டு வாழும் பற்றீரியாக்கள் அதைச் சல்பூரிக்கமிலமாக்குகின்றன. ஒரு கிலோ கந்தகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோ அமிலம் பிறக்கும். அவ்வமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க, ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட ஜிப்சத்துக்கு ஈடான கல்சியஞ் சல்பேற்று அங்கேயே உருவாகும். கூட்டெரு பற்றீரியாக்களுக்கு ஈரத்தையும் உறைவிடத்தையும் அளிப்பதோடு, குலைந்த மண்ணை மீண்டும் திரளச் செய்யும். சுண்ணாம்பு மிக்க பாகிஸ்தான், எகிப்து முதலிய நாடுகளின் மண்களுக்கு இம்முறை பொருந்துவதன் காரணம் இதுவே. இது நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. எந்நோய்க்கு மருந்து என்பதே கேள்வி.

கடலால் உவர்த்த நிலத்துக்கு இதனை வரையறையின்றி விதிப்போர் ஓர் எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். ஒரு லீற்றர் கடல்நீரிலே ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று ஏலவே உண்டு, கல்சியமோ 0.4 கிராம் மாத்திரமே. கடல்நீர் ஏறிய மண் சல்பேற்றுக்கு ஏங்கி நிற்கவில்லை. அம்மணலிற் சிப்பித்தூளோ முருகைக்கல் துணிக்கையோ கலந்திருப்பின் கந்தகத்தின் அமிலம் அதைக் கரைத்துக் கல்சியந் தரலாம். அவை இல்லாத வெறும் மணலில் அவ்வமிலம் எதனைக் கரைக்கும்? மண்ணைப் புளிக்கச் செய்வதன்றி அதனால் ஆவது வேறொன்றில்லை. நீர் தேங்கிய நெல்வயலில் நிலைமை இன்னும் மாறானது. அங்கே காற்றின்மையாற் கந்தகம் அமிலமாவதில்லை. உள்ள சல்பேற்றும் தாழ்த்தப்பட்டு, வேரைத் தாக்கும் ஐதரசன் சல்பைட்டாக மாறக்கூடும்.

‘எருதானே, இட்டால் நட்டமென்ன?’ என்பர் சிலர். நட்டம் உண்டு. சாணத்திலிருந்தும் நகரக் கழிவிலிருந்தும் ஆக்கப்படும் கூட்டெருவிலே உப்பு கணிசமாக இருத்தல் கூடும். 1977 இல் மாஸ், ஹொவ்மன் என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட அட்டவணையின்படி, நெல்லின் விளைவு 3 டெசிசீமனைத் தாண்டிய பின்னரே குன்றத் தொடங்கும்; வெங்காயமோ 1.2 இலேயே குன்றத் தொடங்கிவிடும். கரையோர மணற்றோட்டங்களிற் சின்ன வெங்காயம் நடுவோருக்கு இவ்விடைவெளி மிகச் சிறியது. ஆராயாது ஏற்றப்படும் ஒரு வண்டி எருவே அவ்வெல்லையைக் கடத்திவிடலாம்.

இதனினும் பெரிய கேடொன்றுண்டு. கடல்நீரைத் தடுக்கும் அணையும், உப்பை வடிக்கும் வாய்க்காலும், கிணற்றுநீர் இறைப்புக்கு வரையறையும் பொதுப்பணிகள். அவை அரசின் கடமை. கந்தக எருவோ தனியொருவர் தம் காசில் வாங்கும் பொருள். இவ்வெருவொன்றே போதும் என்று போதிக்கும்போது, பொதுக்கடமை ஏழைக் கமக்காரரின் தலையிற் சுமத்தப்படுகின்றது. பயிர் பொய்த்தால் ‘எரு இட்ட முறை பிழை’ என்று பழியும் அவர்மீதே விழும். உப்பு வரும் வாயிலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே மருந்து தூவச் சொல்வது அறிவியலாகாது.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையும், அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டமையும் யாவரும் அறிந்தனவே. நாட்டின் மண் முழுவதையும் ஒரே ஆணையால் மாற்ற முனைந்ததன் பயனை நெல்லும் தேயிலையும் காட்டின. அதன் பின் கூட்டெரு என்றாலே நகைப்போரும் தோன்றினர். அந்நகைப்பும் தவறே. மணல் நிலத்தில் ஈரத்தையும் ஊட்டத்தையும் தாங்கி நிற்கச் சேதனப் பொருளை விட்டால் வேறு வழி அரிது. பிழை எருவிற் பிறந்ததன்று. மண்ணைக் கேளாது விதித்த ஆணையிற் பிறந்தது.

நோயறிந்து மருத்துவம் செய்த இடங்கள் இல்லாமலில்லை. வட இந்தியாவின் பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நிலம் உண்மையாகவே களராயிருந்தது. 1969 இல் நிறுவப்பட்ட கர்னால் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறைப்படி ஜிப்சம் இட்டு, பல இலட்சம் எக்டேயர் மீட்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நோயோ களப்பு வழியே உவர்நீர் புகுவது. ஆதலின் 1950களிலே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுப்பப்பட்டன. அவற்றின் கதவுகள் பேணப்படாது பழுதுற்றபோது உவர்நீர் மீண்டும் புகுந்தமை, அணை கட்டுவதோடு கடமை முடிவதில்லை என்பதற்குச் சான்று.

சாம்பல்தீவிலும் அதுபோன்ற கரையோர ஊர்களிலும் பின்பற்றத்தக்க ஒழுங்கு தெளிவானது. முதலில் ஒவ்வொரு காணியின் மண்ணும் கிணற்றுநீரும் சோதிக்கப்படல் வேண்டும். மின்கடத்துதிறனை அளக்கக் கையடக்கமான கருவி போதும். சுண்ணாம்பு உண்டா என்பதை ஐதான அமிலம் சில துளி விட்டு, நுரைக்கிறதா எனக் கண்டே அறியலாம். உவராயின் வரம்பு உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மாரிமழையாலே கழுவுதல் வேண்டும். அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் ‘அற் 354’ போன்ற உவர் தாங்கும் நெல்லினங்களும் உள. களரென உறுதியாகி, மண்ணும் நுரைக்குமாயின், கந்தகத்தைக் கோடையிலேயே ஈரக் கூட்டெருவோடு கலந்து நிழலிற் பதப்படுத்தி, மழைக்கு முன் காற்றோட்டமுள்ள நிலத்தில் இடுக. அப்போது பெயர்க்கப்பட்ட சோடியத்தை மழை வடித்துச் செல்லும்.

இவ்வறிவு ஆய்வுகூடங்களிலே ஆங்கிலத்தில் உறங்குகின்றது. கமக்காரரைச் சென்றடைவதோ விளம்பரமே. உவர், களர் என்னும் இரு சொற்களும் அவற்றின் பொருள் வேறுபாட்டோடு பாடசாலைப் பாடநூல்களிலும் கமநல சேவை நிலையங்களின் சுவர்களிலும் இடம்பெறுதல் வேண்டும். ஐந்திணை பேசும் தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணியும் இதுவே.